வாங்காத கடனுக்கு ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஸ்கூட்டர் லோன் கேட்டபோது சிபில் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால், நான் கேள்வியே படாத ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் 48,000 ரூபாய் தனிநபர் கடன், ஐந்து தவணை பாக்கி. வசூல் ஆட்கள் என் அண்ணனுக்கும் போன் போடுகிறார்கள். பாதிப் பணம் கட்டினால் செட்டில்மென்ட் போட்டு முடித்துவிடலாம் என்கிறார்கள். கட்டித் தொலைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரே ஒரு தவணை கட்டினாலும், கடனை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் என்று நாளைக்கு அந்த நிறுவனம் வாதிடும். செட்டில்மென்ட் என்றால் கணக்கு முடிந்தது என்று அர்த்தமில்லை. ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்து கடன் கேட்கிற இடத்தில் அதுவும் கறைதான்.

முதலில் அந்த ரிப்போர்ட்டைப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். உங்கள் சொந்த விவரம் இருக்கும் பகுதியில் நீங்கள் பயன்படுத்தாத செல்போன் எண்ணோ, குடியிருக்காத முகவரியோ இருக்கிறதா பாருங்கள். கடன் கொடுத்தவர் அனுப்பிய விவரம் அங்கேதான் ஏறும். மோசடிக்காரனின் எண் பல சமயம் அப்படித்தான் சிக்கும். பலர் அவசரப்பட்டுத் திருத்தம் கேட்டுவிடுகிறார்கள். திருத்தம் ஆனதும் அந்தத் தடயமும் போய்விடும். சிபில் மட்டும் போதாது. சிபில் போலவே கடன் தகவல் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூன்றிலும் எடுங்கள். ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும் இலவசம்.

அடுத்து, அந்த நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். "இந்தக் கடன் நான் வாங்கியது அல்ல" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, கேஒய்சி ஆவணங்கள், கடன் ஒப்பந்தம், ஓடிபி போன எண், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு, அந்தப் பரிமாற்றத்தின் யூடிஆர் எண் (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்) ஆகியவற்றைக் கேளுங்கள். இதில் உயிர்நாடி வங்கிக் கணக்குதான். ஆப் வழியாகக் கொடுக்கும் தனிநபர் கடன் வாங்குபவரின் சொந்தக் கணக்குக்கே போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் கணக்குகள் எல்லாவற்றிலும் கடன் தொடங்கிய மாத ஸ்டேட்மென்டை எடுத்து இணைத்து, பணம் வரவில்லை என்று காட்டுங்கள். கடன் வாங்கினீர்கள் என்று நிரூபிக்கும் சுமை அவர்களுடையது. நீதிமன்றத்தில் வெறும் ஓடிபி பதிவின் பிரின்ட்-அவுட்டை நீட்டினால் போதாது. புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதிநியம்) 63(4)-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும்.

உங்கள் கணக்குக்கே பணம் வந்து, யாரோ பேசி வேறிடத்துக்கு அனுப்ப வைத்திருந்தால் கதை வேறு. அதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் மற்ற எல்லாமும் பொய்யாகிவிடும்.

போலீஸ் புகாருக்கு வருவோம். சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930, பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால்தான் அதிகப் பலன் தரும். உங்களுக்கு மாதங்கள் ஓடிவிட்டன. அதனால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிந்து, அந்தப் புகார் எண்ணுடன் சைபர் க்ரைம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி, பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 318(4), 319(2) ஆகிய பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். சிஎஸ்ஆர் ரசீது கொடுத்து அனுப்பிவிடுவது நம் ஊர் வழக்கம். அது மனுவைப் பெற்றதற்கான அத்தாட்சிதான், எஃப்ஐஆர் அல்ல. நிதி நிறுவனம் பெரும்பாலும் எஃப்ஐஆர்தான் கேட்கும். பதிய மறுத்தால் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-இன்படி கமிஷனருக்கோ எஸ்பிக்கோ தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் 175(3)-இன் கீழ் மனு போடலாம்.

இந்த நகல்களையெல்லாம் வைத்து நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் திருத்தம் கேளுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தைப் புகாரிலேயே கொடுத்துவிடுங்கள். நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, மழுப்பினாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை (என் தொழிலுக்கு நட்டம்தான், இருந்தாலும் உண்மை அதுதான்).

அண்ணனுக்கு வரும் அழைப்புகளின் நேரத்தைக் குறித்து வையுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7-க்குப் பின்பும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. கடனுக்குச் சம்பந்தமில்லாத உறவினரை நச்சரிப்பதும் விதிமீறல். நிறுவனத்துக்குப் போகும் கடிதத்தில் இதைத் தனிப் பத்தியாகச் சேருங்கள்.

இன்றே ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். அதே தளத்தில் கடந்த ஆறு மாத ஆதார் சரிபார்ப்புப் பட்டியலும் கிடைக்கும். கடன் தொடங்கிய தேதி அதற்குள் வந்தால் பிரின்ட் எடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, தெரியாத எண்ணை 'என்னுடையது அல்ல' என்று புகார் செய்யுங்கள். இனி ஆதார் ஜெராக்ஸ் கொடுக்க நேர்ந்தால் மாஸ்க்டு ஆதாரையே (முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்டது) கொடுங்கள். யாருக்கு, எதற்கு, என்றைக்கு என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.