லண்டனுக்குப் பணம் அனுப்பும் முன் மன்னார்குடிக்குப் போய் வாருங்கள்

கேள்வி: என் அப்பாவின் தாத்தா 1890களில் மன்னார்குடிப் பக்கம் வெஸ்லியன் மிஷனில் உபதேசியாராக இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். இறையியல் படிக்கும் என் மகள் அவரை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத நினைக்கிறாள். சென்னையில் ஒரு மெதடிஸ்ட் சபையில் விசாரித்தோம், அப்படி ஒரு பெயரே இல்லை என்றார்கள். 40,000 ரூபாய் கொடுத்தால் லண்டனிலிருந்து ‘ஒரிஜினல் ரெக்கார்டு’ எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் தேடும் ஞானஸ்நானப் பதிவு லண்டனுக்குப் போனதே இல்லை. அது எங்காவது மிஞ்சியிருந்தால், அந்த ஊர்ச் சேகரத்துப் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) பீரோவில்தான் இருக்கும்.

சென்னையில் நீங்கள் தட்டியது தவறான கதவு. இது எல்லோரும் விழும் குழி. தமிழ்நாட்டில் மெதடிஸ்ட் என்ற பெயரில் வந்த மிஷன்கள் இரண்டு. ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்த வெஸ்லியன் மிஷன். மன்னார்குடி, நாகப்பட்டினம், திருச்சி, கரூர் எல்லாம் அதன் களங்கள். மன்னார்குடியில் இன்றும் நடக்கும் ஃபின்லே பள்ளி அவர்கள் விட்டுப்போனதுதான். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது இந்த வெஸ்லியன் சபைகள் அதில் இணைந்துவிட்டன. மற்றது அமெரிக்க மெதடிஸ்ட் மிஷன். அது இணையவில்லை, இன்றும் மெதடிஸ்ட் என்ற பலகையோடே இருக்கிறது. ஆக, உங்கள் கொள்ளுத்தாத்தாவின் சபைக்கு இன்றைய பெயர் சி.எஸ்.ஐ. அதன் திருச்சி–தஞ்சை திருமண்டலத்தில் (பேராயரின் நிர்வாகப் பகுதி) கேளுங்கள்.

கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். சபைப் போதகரான ஐயர் மாற்றலாகிப் போயிருப்பார், பீரோச் சாவி யாரிடம் என்று தெரியாது. ஒரு பதிவேட்டைக் கரையான் தின்றிருக்கும், அடுத்ததை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள். நூற்றைம்பது வருடக் காகிதத்தைப் படம் பிடித்து வைக்க ஒரு வாரம் போதும். கட்டடத்துக்கு வசூலிக்கிற சபைகள் இதற்கு மட்டும் ஏன் மனம் வைப்பதில்லை? பொறுமையாக இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். பதிவேடு கிடைத்தால் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வராமல், அந்த வரி முழுவதையும் படம் எடுங்கள். பெரியவராகி ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் பழைய பெயர், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவரின் கையெழுத்து என்று ஆய்வுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கட்டங்களில்தான் இருக்கும்.

அந்த ஆள் விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் பெரும்பாலும் செய்வது, மிஷன் வெளியிட்ட பழைய ஆண்டறிக்கைகளை இணையத்திலிருந்து இறக்கி, நல்ல தாளில் அச்சிட்டு, ஒரு முத்திரை குத்திக் கொடுப்பது. அந்த அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். முத்திரைக்கு மதிப்பில்லை. பதிவேட்டை வைத்திருக்கும் சபைதான் சான்று நகல் தர முடியும். இன்னொரு கூட்டம், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் சென்னை மாகாண ஞானஸ்நானப் பட்டியலைக் காட்டிக் காசு கேட்கும். அதில் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும்தான். மன்னார்குடி உபதேசியாரை அதில் தேடுவது வீண்.

லண்டனில் உண்மையிலேயே இருப்பது வேறு. மிஷனரிகள் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்களும் சினாட் என்ற ஆண்டு நிர்வாகக் கூட்டத்தின் குறிப்புகளும் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோயாஸ் கல்லூரியின் நூலகத்தில் இருக்கின்றன. கட்டுரைக்கு அவை அவசியம். ஆனால் அவற்றில் வெள்ளைக்கார மிஷனரியின் பெயர் இருக்கும், உபதேசியார் பல இடங்களில் ‘நம் உபதேசியார்’ என்பதோடு நின்றுவிடுவார். வெயிலில் நடந்து ஊர் ஊராகப் பிரசங்கித்தவரின் பெயரை எழுத ஒரு வரி இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

உங்கள் மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அறிக்கைகளில் வரும் ‘உறுப்பினர்’ எண்ணிக்கையை அந்த ஊர்க் கிறிஸ்தவர்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் வெஸ்லியன் கணக்கில் உறுப்பினர் இல்லை. 1742இல் பிரிஸ்டலில், கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கப் பிரித்த சிறு குழுக்களை, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆத்தும விசாரணைக்கான வகுப்புக் கூட்டங்களாக மாற்றினார். வரப்போகும் கோபத்துக்குத் தப்ப வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், சேர்ந்துவிடலாம். நிலைப்பதற்கு அந்த ஆசை நடத்தையில் தெரிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புது உறுப்பினர் சீட்டு கிடைத்தவர்தான் உறுப்பினர். அதனால்தான் அறிக்கைகளில் முழு உறுப்பினர், சோதனைக் காலத்தில் இருப்பவர் என்று தனித்தனியாகக் கணக்கு வருகிறது. கொள்ளுப்பாட்டி அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அவர் கிறிஸ்தவர் இல்லை என்று அர்த்தமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கவனமாகப் பாருங்கள். உங்கள் குடும்பத்தில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று ஏதாவது பேச்சு உண்டா? வெஸ்லியன் மிஷன் தமிழ் நாட்டுக்கு வந்ததே இலங்கை வழியாகத்தான். மிஷனரிக் குழுவை அழைத்து வந்த தாமஸ் கோக் 1814இல் கடலிலேயே இறந்துபோக, அவரோடு வந்தவர்கள் இலங்கையில் இறங்கினார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள், ஆல்ட் மட்டக்களப்புக்குப் போனார். லிஞ்ச்தான் பிறகு 1817இல் சென்னைக்கு வந்தார். இலங்கையில் கதை தலைகீழ். இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964இல் தன்னாட்சி பெற்று, இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது. தாத்தா அங்கே பிறந்து இங்கே வேலைக்கு வந்தவர் என்றால், ஞானஸ்நானப் பதிவுக்கு அங்குள்ள மெதடிஸ்த சபைக்கும், ஊழியப் பதிவுக்கு இங்குள்ள சி.எஸ்.ஐ.க்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரு கடிதத்தில் இரண்டையும் கேட்டால் இரண்டு பக்கமும் ‘எங்களிடம் இல்லை’ என்றுதான் பதில் வரும்.

சரி, சேகரத்தில் ஒன்றுமே இல்லை என்றால் திருமணத்தைப் பிடியுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி சபையில் பதிவான திருமண விவரம் அரசுக்கும் போயாக வேண்டும். சென்னை சாந்தோமில் உள்ள பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மணமக்கள் பெயர், ஊர், உத்தேச வருடம் மூன்றையும் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.