பங்கில் ஒரு கேள்வி

கேள்வி: எங்கள் பங்கில் (கத்தோலிக்கக் கோவிலைச் சார்ந்த விசுவாசிகளின் சமூகத்தில்) நற்செய்திக் குழு வீடு சந்திக்கிறது, சமூக நீதிக் குழு நிதி திரட்டுகிறது. ஒன்றுக்கொன்று பேச்சே இல்லை. ‘நீதி பேசுவது அரசியல்’ என்றும் சிலர் முணுமுணுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முணுமுணுப்பவர்களிடம் 1983-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பைக் காட்டுங்கள். நற்செய்தி அறிவிப்பு, சமூக நீதி இரண்டையும் பங்குத்தந்தையின் கடமையாகச் சொல்வது 528-ஆம் எண். நீதிக்கு உழைக்கும் பொறுப்பை எல்லா விசுவாசிகளுக்கும் தருவது 222. கட்சிக்கு வாக்குக் கேட்பதுதான் அரசியல். கூலி மறுக்கப்பட்டவருக்காகப் பேசுவது அல்ல.

குழுக்களை இணைக்காதீர்கள், பெரியது சிறியதை விழுங்கிவிடும். வீடு சந்திப்பை மட்டும் பொதுவாக்குங்கள்: குழுவுக்கு ஒருவராக, இருவர் இருவராகப் போகட்டும். முதல் முறை உதவிப் பொருளோ துண்டறிக்கையோ வேண்டாம், வீட்டார் சொல்வதைக் கேட்டு வந்தால் போதும். உதவியும் ஜெப அழைப்பும் ஒரே கையில் நீண்டால் விலை பேசுவதாகவே தோன்றும்.

நோய், கடன், வேலை, கோவிலை விட்டு விலகிய காரணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது. (பெரும்பாலான பங்குகள் சறுக்குவது இங்கேதான், ஒரு முறை வாசித்தால் அடுத்த கதவு திறக்காது.) மாதம் ஒருமுறை குறிப்புகளை ஒப்பிடுங்கள். ஒரே சிக்கல் நான்கைந்து வீடுகளில் தென்பட்டால் நன்கொடை அதைத் தீர்க்காது. மனுவும் சட்ட ஆலோசனையும் தேவை. மனுவை எழுதும்போது பாதிக்கப்பட்டவர்களும் உடன் இருக்க வேண்டும்.

செலவுக்கு, பங்கின் நிதிக்குழுவிடம் ஆண்டுத் திட்டத்திலேயே தனித் தலைப்பு கேளுங்கள். திடீர் உண்டியலை நம்பினால் இரண்டாம் மாதமே பணி நின்றுவிடும்.