பள்ளிக்கூடத்துக்குப் பிறகு சைக்கிளே தொடாதவர் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பொங்கலை ஒட்டி உங்கள் ஊரில் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து சைக்கிளில் போகப்போகிறார்கள், உங்களுக்கும் ஆசை, ஆனால் பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஓட்டியதே இல்லை, வீட்டில் கிடப்பதும் ஒரு பழைய வண்டிதான். போகலாமா, எப்படி இருக்கும்?

தாராளமாகப் போங்கள். பழைய வண்டி என்றால் இன்னும் நல்லது.

நான் காரைக்குடிக்காரன். எங்கள் பக்கத்தில் தை மாதம் இப்படி ஒன்று நடக்கும். பெரிய பெயரோ நுழைவுக் கட்டணமோ கிடையாது. தெருப் பையன்கள் சிலர் கூடிப் பேசி ஆரம்பித்தது, இப்போது அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். விடியற்காலையில் கிளம்பி, பைபாஸ் பக்கமே போகாமல் ஸ்ரீராம் நகர், கோட்டையூர், பள்ளத்தூர் என்று ஊர்களுக்குள் புகுந்து கானாடுகாத்தானில் போய் முடியும். சுமார் 15 கிலோமீட்டர். தனியாக மிதித்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், கூட்டத்தோடு போனால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

அதனால் கால் வலிக்குமா, மூச்சு வாங்குமா என்ற பயமெல்லாம் வேண்டாம். இதற்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான், மெதுவாக ஓட்டுவது. பொங்கல் விளையாட்டுகளில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி பார்த்திருப்பீர்கள், கடைசியாக வருகிறவருக்குப் பரிசு, காலை ஊன்றினால் அவுட். அதில் ஜெயிக்கிற ஆள்தான் கூட்டத்தில் ஓட்டவும் சரியான ஆள். கியர் வண்டி, ஹெல்மெட், கண்ணாடி சகிதம் வருகிற வேகக்காரர்கள்தான் எங்கள் ஊர்வலத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அரை மணி நேரம் ஓட்டுவது அவர்களுக்குப் பழக்கமில்லை. (ஹெல்மெட் போடுவதைக் குறை சொல்லவில்லை, அதைக் கட்டாயம் போடுங்கள்.)

மெதுவாகப் போகும்போது வண்டி ஏன் ஆடுகிறது என்றால், பெரும்பாலும் நாம் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால். ஒருமுறை என் பக்கத்தில் வந்த ஏழாம் வகுப்புப் பையன் என்னோடு வந்த நண்பரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கீழ பாக்காதீங்கண்ணே, அந்தா போற செவப்புச் சட்டையப் பாத்துக்கிட்டே மிதிங்க" என்றான். அவ்வளவுதான், ஆட்டம் நின்றுவிட்டது. இன்னொன்று, பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே மிதிக்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால்தான் வண்டி சாயும். முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடிக்காதீர்கள். வீட்டுக்கு முன்னால் தெருவில் இரண்டு மூன்று சாயங்காலம் இதைப் பழகிக்கொண்டால் போதும், தொலைதூரம் ஓட்டிப் பழக வேண்டிய அவசியமே இல்லை.

கூட்டத்தில் வேறொரு விசித்திரமும் உண்டு. முன்னால் போகிறவர் ஒரு பள்ளத்துக்காகக் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறைப்பார், இப்படியே கூடிக்கொண்டே வந்து வாலில் இருப்பவர்கள் காலை ஊன்றி நிற்க வேண்டியதாகிவிடும், எதற்கு நிற்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. அதனால் முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போகாமல் ஒரு சைக்கிள் நீளமாவது விடுங்கள், அவருடைய சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை நுழைக்கவே நுழைக்காதீர்கள். கூட்டத்தில் விழுகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் விழுகிறார்கள் என்பது என் எண்ணம். பள்ளத்தைப் பார்த்தவர் "பள்ளம்" என்று கத்த வேண்டும், பின்னால் பஸ் வந்தால் "வண்டி" என்று கத்த வேண்டும், காதில் விழுந்தவர்கள் எல்லோரும் திருப்பிக் கத்த வேண்டும். இதனால்தான் முன்னால் மினி லாரியில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு போவது எனக்குப் பிடிப்பதில்லை. மேளம் என்றால் பரவாயில்லை, மேளக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்துவார்கள், அந்த இடைவெளியில் சொல்வது காதில் விழும்.

நாற்சந்திகளில் துண்டை வீசிக்கொண்டு சிலர் நின்று, குறுக்கே வரும் வண்டிகளைக் கூட்டம் முழுக்கக் கடக்கும்வரை நிறுத்திவைப்பார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1992 செப்டம்பரில் 'கிரிட்டிகல் மாஸ்' என்று ஒரு கூட்டப் பயணம் தொடங்கியது, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் சைக்கிளோடு கூடுவது, பிறகு உலகமெங்கும் பல நகரங்களுக்குப் பரவியது. அவர்களும் குறுக்குத் தெருவில் ஆள் நிறுத்தித்தான் கூட்டத்தைக் கடத்துகிறார்கள்.

ஆனால் நம் ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க சான் பிரான்சிஸ்கோ வர வேண்டியதில்லை. அதற்கு ஆறு மாதம் முன்பே, 1992 மார்ச் மகளிர் தினத்தன்று, ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு மணியடித்தபடி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் போனார்கள். அறிவொளி இயக்கத்தின் காலம் அது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கையோடு சைக்கிளும் கற்றுக்கொள்ளட்டும் என்று அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எடுத்த முயற்சி, பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் அவரே ஏற்பாடு செய்தார். செட்டிநாடு என்றால் சிவகங்கை மாவட்டம் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், ராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு, நச்சாந்துபட்டி எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர்வலத்துக்கு வருகிற அம்மாக்கள் சிலர் அந்தக் காலத்தில் ஓட்டப் பழகியவர்கள். அவர்களில் நிறையப் பேர் வாங்கியது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள். லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது தட்டுப்பாடு, அதுவும் போக, பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம். சேலையோடு அந்தப் பார் வண்டியில் ஏறுகிற லாகவத்தைப் பார்க்கவே ஒருமுறை வரலாம்.

பழைய வண்டி நல்லது என்று சொன்னேன். அகலமான சீட், நிமிர்ந்த ஹேண்டில், கனமான உடம்பு, இதெல்லாம் மெதுவாகப் போவதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஹெர்குலிஸோ பிஎஸ்ஏவோ என்றால் எங்கள் பாதையில் அதற்கு ஊர்ப்பாசமும் உண்டு. அவற்றைச் செய்த டிஐ சைக்கிள்ஸ், பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார் 1949இல் இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து அம்பத்தூரில் தொடங்கிய கம்பெனி. பள்ளத்தூருக்குள் நுழையும்போது ஹெர்குலிஸ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மணியடிப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மற்றபடி அதிகம் கண்ணில் படுவது பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்கள். அக்கா ஓட்டியதைத் தங்கை எடுத்துக்கொண்டு வருவாள், ஸ்போக்கில் கலர் பேப்பர் சுற்றி, கேரியரில் பலூன் கட்டி. கரும்பு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள், நீளவாக்கில் கட்டுங்கள். குறுக்கே கட்டிக்கொண்டு வந்தால் அவரைத் தாண்டிப் போக ஒருவராலும் முடியாது. வேட்டி என்றால் மடித்துக் கட்டுங்கள், தாவணி, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், செயின் எதையும் மிச்சம் வைக்காது.

அப்புறம் முள். எங்கள் பக்கம் ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேலம்தான், பஸ்ஸுக்கு வழிவிடுகிறேன் என்று மண்ணில் இறங்கினால் பஞ்சர். கூட்டத்தின் வாலில் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் மொபெட்டில் சாமானோடு வருவார், அவர் வேலை செய்வதை நின்று பார்ப்பேன். டியூபை உருவி, காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கி, முட்டை விடுகிற இடத்தில் விரலை வைத்து, துடைத்து, உரசி, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டுவார். இது எல்லோரும் செய்வதுதான். அதற்கப்புறம் டயரின் உள்பக்கம் முழுக்கக் கட்டை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே வருவார், ஒரு இடத்தில் விரல் நிற்கும், குறடால் பிடித்து இழுத்தால் கடுகளவு முள் நுனி வரும். அதை எடுக்காமல் டியூபை மாட்டினால் நூறு அடியில் அதே இடத்தில் மறுபடி போய்விடும். நீங்களே பஞ்சர் ஒட்டுவதாக இருந்தால் இதை மறக்காதீர்கள்.

முதல் தடவை என்றால் வாலிலேயே வாருங்கள். தள்ளுமுள்ளு இல்லை, பஞ்சர்காரர் பக்கத்திலேயே இருப்பார், பேச்சுத் துணைக்கும் ஆள் கிடைக்கும். கோட்டையூர் தாண்டிச் செம்மண் காட்டில் பனி இன்னும் விலகாமல் இருக்கும், முன்னால் போகிறவர்களின் தலை மட்டும் தெரியும்.

கானாடுகாத்தானுக்குள் நுழைந்ததும்தான் திருவிழா. அங்கே தெருக்கள் நேர்க்கோடாக, அகலமாகப் போகும், வீடுகள் ஒரு தெருவில் முகப்பில் தொடங்கி அடுத்த தெருவில் பின்வாசலில் முடியும், அதனால் சில தெருக்களில் இரண்டு பக்கமும் நீளமான சுவர்தான். அந்தச் சுவர்களுக்கு நடுவே அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மணியடித்தால் சத்தம் முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்றே தெரியாது. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். திறந்திருக்கிற வீட்டு முகப்பில் ஆச்சிகள் நின்று பார்ப்பார்கள், "இறங்கித் தண்ணி குடிச்சுட்டுப் போங்கப்பா" என்பார்கள், தண்ணீர் என்று போனால் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வரும். மெடலும் டி-ஷர்ட்டும் கொடுக்கிற பெரிய நகரத்துப் பயணங்கள் சிலவற்றுக்கும் போயிருக்கிறேன், ஏற்பாடு பிரமாதம், ஆனால் வழியில் நம்மை இறங்கச் சொல்ல யாரும் இருப்பதில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: திரும்பி வர ஏற்பாடு இருக்கிறதா? போகும்போது மேளம், துண்டு வீசுகிற ஆள் எல்லாம் உண்டு, பத்து மணிக்கு மேல் அவரவர் பாடு. வெயில் ஏறிவிடும், வயிற்றில் பணியாரம் கனக்கும், பிள்ளைகள் மிதிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். நாங்கள் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு குட்டியானை பேசிவிடுவோம். சைக்கிள்களை ஹேண்டிலைத் திருப்பி, ஒன்று மாற்றி ஒன்று தலைகால் மாற்றி அடுக்கி, இடையில் பழைய சாக்கு வைத்துக் கயிறு போட்டால் பத்துப் பன்னிரண்டு வண்டி ஏறும். ஆள்கள் டவுன் பஸ்.