பருப்புத் தண்ணீரில் பருப்பு எங்கே?

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். பிறந்தபோது 2.9 கிலோ, ஆறாம் மாதத்தில் 6.5, இப்போது 6.8. தாய்ப்பாலோடு காலையில் ராகிக் கஞ்சியும் மதியம் பருப்புத் தண்ணீர் விட்ட சாதமும் கொடுக்கிறேன். "உன் பால் தண்ணியாகிடுச்சு, வேப்பெண்ணெய் தடவி மறக்கடிச்சிட்டு பசும்பால் கொடு" என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. தாய்ப்பால் தண்ணியாகிப் போவதில்லை. குழந்தை குடிக்கத் தொடங்கும்போது வரும் பால் நீலம் பாய்ந்து மெல்லிசாகத்தான் இருக்கும். மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடும். இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம்.

எடை ஆபத்தான அளவில் இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் 300 கிராம்தான் ஏறியிருக்கிறது, அது குறைவு. எனக்குச் சந்தேகம் உங்கள் கஞ்சி மேல்தான்.

எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக, உணவிலிருந்து தினமும் சுமார் 200 கலோரி வேண்டும். அதன் வயிறோ ஒரு தம்ளர் அளவு. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் ஏது? பருப்புத் தண்ணீர் என்று மேலாகத் தெளிந்த நீரை மட்டும் எடுக்கிறோம், பருப்பு பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. (அதைச் சாம்பாராக்கி நாம் சாப்பிட்டுவிடுகிறோம்!)

நாளைக்குக் கஞ்சியை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். சட்டென்று ஒழுகினால் போதாது. ஸ்பூனிலேயே ஒட்டி நிற்க வேண்டும். முளைகட்டிய ராகி மாவு என்றால், மாவைக் கூடுதலாகப் போட்டாலும் அவ்வளவாக இறுகாது, குழந்தைக்கு விழுங்கச் சுலபம். சாதத்தில் பருப்பையே குழைத்து மசியுங்கள், ஒரு டீஸ்பூன் நெய்யோ தேங்காய் எண்ணெயோ விடுங்கள். அதிலேயே 40 கலோரி கூடிவிடும். மிக்ஸியில் கூழாக அரைக்க வேண்டாம், கையால் மசித்தால் போதும். வேளைக்கு அரை கப், நாளுக்கு மூன்று வேளை. உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை சேர்க்க வேண்டாம். தேன் நாக்கில் தொட்டு வைப்பதுகூடக் கூடாது.

அப்புறம் இரும்புச்சத்து. பிறக்கும்போது கொண்டு வந்த சேமிப்பு ஆறு மாதத்தோடு கரையத் தொடங்கும், தாய்ப்பாலில் அது குறைவு. ராகியில் சுண்ணாம்புச்சத்து நிறைய உண்டு, ஆனால் அதிலுள்ள இரும்பை உடல் அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது. அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், வாரம் ஒருமுறை சிறு துண்டு ஈரல் எல்லாமே இப்போதே கொடுக்கலாம். சைவம் என்றால் பருப்பு, கீரையோடு இரண்டு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள். அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். அங்கன்வாடி சத்துமாவையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வெல்லம் கலந்திருக்கும் என்பதால் ஒரு வேளைக்கு மட்டும் போதும்.

பசும்பாலை ஒரு வயதுக்கு முன் குடிக்கக் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும். ரத்தசோகை இன்னும் கூடும். மாமியாரிடம் இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள். கஞ்சி கிண்டும் வேலையை அவரிடமே கொடுங்கள், ஸ்பூனைச் சாய்த்துக் காட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்து அதே தராசில் எடை பாருங்கள். 200 கிராமாவது ஏறவில்லை என்றாலோ, குழந்தை வெளிறி இருந்தாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டியிருக்கும்.