கோதுமை வயலும் ஐஸ் கட்டியும் கலையா? – கேள்வி பதில்

இயற்கையை வைத்துச் செய்யும் இன்றைய கலை பற்றிய கேள்விகளுக்குக் காரைக்குடி ஓவிய ஆசிரியை பதில் சொல்கிறார்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி: நகரத்துக்கு நடுவில் கோதுமை விதைத்தார்களாமே. அது விவசாயம்தானே அக்கா, கலை எப்படி ஆகும்?

விதைத்த இடத்தைப் பாருங்கள் தம்பி. 1982-ல் ஆக்னஸ் டெனிஸ் என்ற கலைஞர் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில், மண் கொட்டி நிரவிய 2 ஏக்கரில் கல்லையும் குப்பையையும் பொறுக்கி, 285 சால் கையால் வெட்டி விதைத்தார். மே மாதம் விதைப்பு, ஆகஸ்டில் அறுவடை, 1,000 பவுண்டுக்கு மேல் விளைச்சல். அந்த மனைக்கோ அப்போதே 450 கோடி டாலர் மதிப்பு சொன்னார்கள். அவ்வளவு விலையுள்ள நிலத்தில் நாலைந்து மூட்டை கோதுமை! பார்த்தவர்களுக்கு உறுத்தத்தானே செய்யும்? அந்த உறுத்தல்தான் இங்கே கலையின் வேலை. நம் பக்கம் கண்மாய்க்கரை வரை பிளாட் கல் நட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு அந்த வயல் ஞாபகம்தான் வரும்.

புதுவயல்: ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து உருகவிட்டார்களே, அந்தப் புகை கணக்கில் வராதா?

வரும். கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் 2014-ல் கோபன்ஹேகனிலும், 2015 காலநிலை மாநாட்டின்போது பாரிஸிலும் கிரீன்லாந்துப் பனிக்கட்டிகள் பன்னிரண்டைக் கடிகார வட்டமாக வைத்தார்கள். ஏற்கெனவே உடைந்து கடலில் மிதந்தவைதான். ஜனங்கள் தொட்டார்கள், காது வைத்துக் கேட்டார்கள். உள்ளே அடைபட்ட பழங்காலக் காற்று படபடவென்று வெடித்து வெளியேறும். உருகுகிறது என்று செய்தியில் மட்டும் படித்த பனி கைக்கு எட்டியது. ஆனாலும் உங்கள் கேள்வி நியாயம். எனக்கும் இதில் அரை மனசுதான்.

பள்ளத்தூர் ஆச்சி: நம் அய்யனார் கோயில் புரவியும் இந்த வகைதானா?

இல்லை ஆச்சி. அது நேர்த்திக்கடன், அதன்மேல் கலைக்கூட லேபிள் ஒட்ட எனக்கு மனமில்லை. ஆனால் புரவியை எடுத்து வைத்ததும் வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுகிறோம், இல்லையா? அந்த விடுகிற மனசு ரெண்டுக்கும் பொது.

கண்டனூர்: நேரில் எங்கே பார்க்கலாம்?

கேரளத்தில் கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சி. 2012-ல் தொடங்கியது. எல்லாமே இயற்கை பற்றியது இல்லை, தேடித்தான் பார்க்க வேண்டும்.

கானாடுகாத்தான் மாணவி: நாங்களே ஏதாவது செய்யலாமா டீச்சர்?

செய்யலாம்மா. ஊரணியை எடுத்துக்கொள். தெருவிலிருந்து மழைத்தண்ணீர் ஊரணிக்குப் போகும் வரத்துக்காலைப் பெரியவர்களிடம் விசாரித்து, அதன் பழைய வழியைக் கோலமாவால் தரையில் வரைந்துகொண்டே போங்கள். சிமெண்ட் போட்டு மூடிய இடத்திலும் கோட்டை நிறுத்தாதீர்கள். யார் வீட்டுப் படியில் போய் முட்டுகிறதோ அங்கே கூட்டம் கூடிவிடும். சண்டையும் வரலாம், கூடவே பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பச்சரிசி மாவு போதும். கலர் பொடி வேண்டாம், அடுத்த மழையில் ஊரணிக்குள்தான் போகும்.