ஸ்கேன் செய்தால் திணறும் 4 ஜிபி கம்ப்யூட்டர்

கேள்வி: மேலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 4 ஜிபி ராம், சாதா ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. குரோமில் ஆன்லைன் விண்ணப்பம் பதியும்போதே போட்டோஷாப்பைத் திறந்தால் சிஸ்டம் நின்றுவிடுகிறது. விர்ச்சுவல் மெமரியைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ராம் உங்கள் கடை மேசை என்றால், ஹார்டு டிஸ்க்கில் ஒதுக்கப்படும் விர்ச்சுவல் மெமரி பரண். மேசை நிறைந்ததும் விண்டோஸ் சில கட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டு, கேட்கும்போது இறக்கித் தருகிறது. ஹார்டு டிஸ்க் ராமைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. சிஸ்டம் நின்றதாகத் தோன்றும்போது கேபினட் முன்னால் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். விடாமல் மின்னினால் ஏற்றி இறக்கும் வேலைதான் நடக்கிறது; மவுஸைத் தட்டித் தட்டி அதை இன்னும் படுத்தாதீர்கள். விர்ச்சுவல் மெமரி அளவை விண்டோஸ் பொறுப்பிலேயே விட்டுவிட்டு, சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக வையுங்கள்.

எனக்குச் சந்தேகம் உங்கள் ஸ்கேனர் மேல்தான். ஏ4 சான்றிதழைக் கலரில் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால், ஜேபெக்காகச் சேமித்த ஃபைல் சிறிதாகத் தெரிந்தாலும், போட்டோஷாப்பில் திறந்ததும் ராமில் 100 எம்பிக்கு மேல் பிடிக்கும். லேயர் போடப் போட அது ஏறும். அதையே 200 டிபிஐயில் எடுத்தால் சுமார் 12 எம்பிதான். சில நூறு கேபிக்குள் சுருக்கி அப்லோடு செய்யப்போகிற சான்றிதழுக்கு 600 எதற்கு?

அப்புறம் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மெமரி என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் தின்பவை மேலே வரும். பெரும்பாலும் குரோம்தான். முடிந்த விண்ணப்பத்தின் டேபை அப்போதே மூடிவிடுங்கள். ஸ்டார்ட்அப் பகுதியில் பிரிண்டரோடு வந்து ஒட்டிக்கொண்ட உதவி புரோகிராம்கள் இருக்கும். டிசேபிள் செய்தாலும் பிரிண்ட் வரும்.

இன்னொரு 4 ஜிபி ராம் போட நினைத்தால், முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போய் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடும் ராம் வீண். 64 பிட்டைப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். கடைக்காரர்கள் இதைக் கேட்காமலே ராமை விற்றுவிடுவார்கள்.

மதுரைக்கு பஸ் ஏறும்போது பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு; டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது.