தெரு முனையில் இருக்கும் கூரியர் கடையை நம்பிப் பார்சல் கொடுக்கலாமா? உங்கள் அனுபவம் என்ன?

கொடுக்கலாம். ஆனால் போர்டில் எந்தக் கம்பெனி பெயர் என்பதைவிட, உள்ளே தராசுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக் கொடுங்கள். மதுரையில் வீட்டில் வைத்துச் சுங்குடிச் சேலை விற்கிறேன், வாட்ஸ்அப் வியாபாரம். ஆறு வருடமாக வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பார்சல் அனுப்புகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

தெருவில் இருக்கும் கூரியர் கடை பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்தக் கடை கிடையாது. யாரோ ஒருவர் டெபாசிட் கட்டி ஃபிரான்சைஸ் எடுத்திருப்பார். ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஒரு ஓரத்தில் கூரியர். புக்கிங்குக்கு அவருக்குக் கமிஷன் வரும். சாயங்காலம் வேன் வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் பார்சல் அவர் கையை விட்டுப் போயிற்று. அதற்கப்புறம் ஏதாவது ஆனால், போனை எடுத்து நாலு இடத்தில் விசாரிப்பாரா, “கஸ்டமர் கேருக்கு அடிங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாரா? விஷயம் அதில்தான் இருக்கிறது.

நான் முதலில் போன கடை இந்தக் கஸ்டமர் கேர் ரகம். மெயின் ரோட்டில் ஏசி போட்ட கடை, கம்ப்யூட்டர் பில். ஒரு ஐப்பசி மழையில் அனுப்பிய சேலை சென்னைக்கு நனைந்துபோய்ச் சேர்ந்தது. சுங்குடி முதல் தண்ணீருக்குக் கொஞ்சம் சாயம் விடும். கூடவே வைத்த வெள்ளை ஜாக்கெட் துணி முழுக்க அரக்குக் கலர். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் பில்லைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் எறும்பு சைஸில் இங்கிலீஷ் எழுத்து: தொலைந்தாலும் சேதமானாலும் கம்பெனியின் பொறுப்பு 100 ரூபாய் வரைதான். முன்பக்கத்தில் என் கையெழுத்து. சேலை 1,150 ரூபாய்.

கோபத்தில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் சித்தப்பாவிடம் போனேன். அவர் ஒரு வழக்கைச் சொன்னார். பாரதி நிட்டிங் என்ற நிறுவனம் 1990-ல் ஜெர்மனிக்குக் கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. நாலு லட்சத்துக்கு மேல் நஷ்டம் என்று வழக்குப் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட சீட்டில் 100 டாலர் என்று இருக்கிறது, அதுதான் கிடைக்கும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்களுக்காவது டாலர். நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடித்திருக்கலாம். அந்தப் பக்கம் வாடிக்கையாளர் வேறு சேலைக்குக் காத்திருந்தார், அதிலேயே நாள் போய்விட்டது. அன்றிலிருந்து எந்தச் சேலையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டாமல் அனுப்புவதில்லை. பட்டுச் சேலை என்றால் இன்சூரன்ஸ் கேட்டுப் போடுகிறேன். பில்லில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’கா (நஷ்டம் நம் தலையில்) ‘கேரியர்ஸ் ரிஸ்க்’கா (கம்பெனி தலையில்) என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் எதில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது போகிற கடை மளிகைக் கடையோடு ஒட்டிய ஒரு பொந்து. ஃபேன்கூட ஒழுங்காகச் சுற்றாது. ஆனால் அந்த அண்ணனிடம் மாட்டிக்கொண்டது என் அதிர்ஷ்டம். நாகர்கோவிலுக்கு ஒரு சேலை அனுப்பியிருந்தேன். இரண்டாம் நாள் டிராக்கிங்கில் ‘டோர் லாக்டு’ என்று வந்தது. நாகர்கோவில் அக்கா போனில் கத்துகிறார், “நாள் பூரா வாசல்லதான் உக்காந்திருக்கேன்!” டெலிவரிப் பையன்களுக்குப் பல இடங்களில் பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பை நிறையப் பாக்கி இருக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டால், வராமலே அந்தப் பட்டனை அமுக்குவதுண்டு. இதுவும் அதுதான் என்று நினைத்து, சண்டை போடவே கடைக்குப் போனேன்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்பரைத் தட்டிப் பார்த்தார். “ஏம்மா, நாகர்கோவில் பார்சல் எதுக்கு மதுரையில டோர் லாக் ஆகுது?”

நான் எழுதியது 629001. என் 9 எனக்கே சில சமயம் 5 மாதிரிதான் தெரியும். 625001 என்றால் மதுரை. பின்கோடின் முதல் மூன்று எண்தான் பை எந்தப் பக்கம் போகும் என்று முடிவு பண்ணுகிறது, ஊர்ப் பெயரைப் பிரிக்கிற இடத்தில் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. ஆக, சேலை மதுரையை விட்டே கிளம்பவில்லை. அட்ரஸ் கிடைக்காத பையன் வாயில் வந்ததைச் சொல்வது மாதிரி கையில் வந்த பட்டனை அமுக்கிவிட்டான். அண்ணன் அன்று ராத்திரியே டிவிஎஸ் எக்ஸெல்லில் அவர்களுடைய பிரிக்கிற ஆபீசுக்குப் போய் எடுத்துவந்து மறுபடி புக் பண்ணினார். காசு வாங்கவில்லை. இப்போதெல்லாம் பின்கோடைப் பார்த்ததும் “கன்னியாகுமரி மாவட்டந்தானே?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் பில் போடுகிறார். தப்பு என்னுடையது என்பதை அவர் இதுவரை வாயால் சொன்னதில்லை.

அவர் கற்றுக்கொடுத்த இன்னொன்று எடை. அரை கிலோவுக்கு ஒரு ரேட், தாண்டினால் அடுத்த ரேட். என் காட்டன் சேலை மடிப்புக்குள் வைக்கும் அட்டையோடு 530 கிராம் வரும். “அந்த அட்டையை உருவும்மா” என்றார். 480. இரண்டு வருடமாக அந்த அட்டைக்கு நான் கட்டிய காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

பார்சல் வாங்கும் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். “உங்க ஏரியா எங்களுக்கு வராது, ஆபீஸ்ல வந்து வாங்கிக்கோங்க” என்று போன் வந்தால், டோர் டெலிவரிக்குக் காசு கட்டியிருக்கிறதா என்று அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போகும்போது ஆதாரும் மெசேஜில் வந்த ஓடிபியும் கையில் இருக்கட்டும். பிரித்த நிலையில் வந்திருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே கடையில் வைத்து வீடியோ எடுத்துவிடுங்கள். கிராமத்து முகவரி என்றால் நான் கூரியருக்கே போவதில்லை, ஸ்பீட் போஸ்ட்தான். தபால்காரருக்கு அந்த ஊரில் யார் யார் பேத்தி என்பதுவரை தெரியும்.

போன தீபாவளிக்குப் புனேயில் இருக்கும் தம்பிக்கு முறுக்கும் அதிரசமும் அனுப்பப் பெட்டியோடு போனேன். தராசில் இரண்டேகால் கிலோ. அண்ணன் டேப்பை எடுத்து அளந்தார்: நீளம் 40, அகலம் 30, உயரம் 20 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 4.8. இரண்டில் எது கூடுதலோ அந்த எடைக்குத்தான் பில். காற்றுக்கும் சேர்த்துக் காசு கட்டச் சொல்கிறார்கள் என்று நான் முனகிக்கொண்டிருக்க, அவர் பக்கத்து மளிகையில் காலி பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். 30, 25, 20. கணக்குப் போட்டால் மூன்று கிலோ. எல்லாவற்றையும் அதில் அடுக்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். லேசாகச் சத்தம் கேட்டது. பழைய பேப்பரைக் கசக்கிக் கசக்கி ஓரங்களில் திணித்து, மறுபடி ஆட்டி, சத்தம் நின்ற பிறகுதான் டேப் ஒட்டினார். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

நாலாம் நாள் தம்பி போட்டோ அனுப்பினான். உடைந்தது ஏழு முறுக்கு. எங்கள் வீட்டு டப்பாவில் அதைவிட அதிகம் உடைந்திருந்தது.